நான் அடித்த ‘கூடும்’

செய்தி எனக்குப் பிழைதிருத்தமாகத்தான் வந்தது. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, கல்லூரி அலுவலகப் பியூன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பத்து மணிக்குள் பலகையில் போட வேண்டும், முதல்வர் ஒருமுறை பார்க்கச் சொன்னார் என்றார். அறிவிப்புப் பலகைக்குப் போகிற தமிழெல்லாம் முதலில் என்னிடம் வந்துவிட்டுப் போவது பல வருட வழக்கம். சிவப்பு மையை எடுத்து, விட்டுப்போன இரண்டு ஒற்றுகளைச் சேர்த்தேன். ‘வேதியியல் துரை’ என்றிருந்ததைத் ‘துறை’ ஆக்கினேன். அதற்கப்புறம்தான் பெயரைப் படித்தேன். செல்வி ஹெலன் ஞானாதிக்கம், ஞாயிறு விடியற்காலை, மேற்குத் தாம்பரத்தில் தம் வீட்டில், உறக்கத்திலேயே.

பியூன் காத்துக்கொண்டு நின்றார். “கரெக்டா இருக்குதா சார்?” என்று கேட்டார். இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான் சரிபார்த்து அனுப்பியவற்றுள் அத்தனை பிழையான தாள் வேறொன்று இல்லை.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் ‘வார்னிஷ் மிஸ்’. பெயர் வந்த கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாகற்காய் விதையில் ஓர் எண்ணெய் இருக்கிறது. அதிலிருந்து பிரித்தெடுக்கிற ஒரு கொழுப்பு அமிலம், காற்றுப் பட்டால் கெட்டியாகி, மரச்சாமான்களுக்குப் பூசுகிற வார்னிஷ் மாதிரி காய்ந்துவிடும். பரிசோதனைக்கூடத்து மேசை, நாற்காலி, கதவுப் பிடி, ஒருமுறை துறைத் தலைவரின் மூக்குக்கண்ணாடி என்று அது படியாத பொருள் இல்லை. மாணவர்கள் வைத்த பெயரை அவர் ஆட்சேபிக்கவில்லை. “என் ஆராய்ச்சியில ஒண்ணே ஒண்ணு நிச்சயம், வித்வான். மேஜை நல்லா பளபளக்குது” என்பார். தமிழ்த் துறையில் இருந்த என்னை அவர் கடைசிவரை ‘வித்வான்’ என்றுதான் அழைத்தார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்தெடுக்க எனக்கு வேதியியல் தெரியாது.

எதற்காகப் பாகல் விதை என்று விளக்கச் சொல்லி, நிதிக் குழு ஒருமுறை அவரைக் கூப்பிட்டது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். செடிகளிலிருந்து கிடைக்கிற கொழுப்பு அமிலங்களில் சில, மார்புப் புற்றுநோய் உயிரணுக்கள் வளர்கிற வேகத்தைக் குறைக்குமா என்று பார்ப்பதாகச் சொன்னார். ‘மார்பு’ என்ற சொல் காதில் விழுந்ததும், அங்கிருந்த ஆண்கள் ஏழு பேரும் அவரவர் காகிதத்தைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தோம். கடைசியில் தலைவர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, இதனால் கல்லூரிக்கு என்ன பயன் என்றார். “ஹாஸ்டல் குப்பை குறையும் சார்” என்றார் மிஸ். அனுமதி ஒருமனதாக வழங்கப்பட்டது.

ஆனால் விடுதிச் சமையலறையில் கிடைப்பது பிஞ்சு விதை. எண்ணெய்க்கு, முற்றிப் பழுத்து மஞ்சளாகி வாய்பிளந்த காய் வேண்டும். அதை எந்த வீட்டிலும் வாங்க மாட்டார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி விற்ற முனியம்மாதான் அதற்குத் துணை. பெருங்களத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் கூடைகளோடு வந்து இறங்குவார். வாரம் முழுவதும் பழுத்துப்போன பாகற்காய்களை ஒரு சாக்கில் ஒதுக்கிவைத்து, வெள்ளிக்கிழமை மிஸ்ஸிடம் கொடுப்பார். நானும் காய் வாங்கப் போவதால் அவர்கள் பேச்சு எனக்குப் பழக்கம்.

“இன்னா மிஸ், வாரா வாரம் பழுத்ததா வாங்கிகினு போறியே, வூட்ல யாரும் திட்ட மாட்டாங்களா?”

“வீட்ல நான் மட்டும்தான், முனிம்மா.”

“அப்ப சரி. திட்றதுக்கும் ஆளு இல்ல, துன்றதுக்கும் ஆளு இல்ல.”

இருவரும் சிரிப்பார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

விதைகளை வேதியியல் கட்டடத்து மொட்டைமாடியில் காயவைத்து, எண்ணெய் எடுத்து, அமிலத்தைப் பிரிப்பதற்குள் ஒரு மாதம் ஆகும். பிறகு அதை ஒரு சின்னக் குப்பியில் அடைத்து, ஸ்டேஷன் எதிரே சோடாக்கடையில் வாங்கிய ஐஸைப் பிளாஸ்கில் நிரப்பி, அதற்குள் குப்பியை இறக்கி, மின்சார ரயிலில் பட்டணத்துக்குப் போவார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அவருடன் படித்த தோழி ஒருவர், எலியின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிப் பாட்டிலில் வளர்த்துக்கொண்டிருந்தார். அமிலம் சேர்த்த பாட்டில் ஒன்று, சேர்க்காத பாட்டில் ஒன்று. சில நாள் கழித்து இரண்டையும் எண்ணிப் பார்ப்பார்கள். சேர்த்த பாட்டிலில் குறைவாக வளர்ந்திருக்கும். எல்லா முறையும் அல்ல, பல முறை. கண்டுபிடிப்பு அவ்வளவுதான். அவர் முகம் மலர அது போதுமானதாக இருந்தது. ஆனால் யாராவது ‘அப்போ மருந்து கண்டுபிடிச்சாச்சா?’ என்று கேட்டால் உடனே முகம் இறுகிவிடும். “செல்லு வேற, ஆளு வேற” என்பார். “பாட்டில்ல இருக்கிற செல்லுக்கு வயிறு இல்ல, ஈரல் இல்ல, வீட்ல பிரச்சினை இல்ல. அதுகிட்ட ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயமா?”

இதையெல்லாம் எளிய தமிழில் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. நம் வட்டாரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு வார இதழ் கட்டுரை கேட்டிருந்தது. எழுதி என்னிடம் கொண்டுவந்தார். ஒழுங்கான, சிக்கனமான தமிழ். ஆனால் முக்கியமான இடத்தில் இப்படி ஒரு வாக்கியம்: ‘இந்த அமிலம் கட்டியின் உயிரணுக்கள் வளர்வதை மெதுவாக்கக்கூடும் போலத் தெரிகிறது.’

எனக்கு அது பொறுக்கவில்லை. ‘மெதுவாக்கும்’ என்றாலே தயக்கம். அதன்மேல் ஒரு ‘கூடும்’. அதன்மேல் ஒரு ‘போல’. அதற்கும் மேல் ஒரு ‘தெரிகிறது’. ஒரு வாக்கியம் நான்கு ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடந்தால் வாசகன் எதை நம்பிப் பின்னால் போவான் என்று அவருக்கு விரிவுரை செய்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ‘தடுக்கிறது’ என்று எழுதினேன். நிமிர்ந்து நின்றது வாக்கியம். அச்சகத்துக்குப் போகிற தாளில், அடித்த சொல் மறுபடி வேண்டுமென்றால் அதன் கீழே புள்ளி வைத்தால் போதும் என்று முன்பே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இதுக்குக் கீழ புள்ளி வைக்கலாமா, வித்வான்?”

வேண்டாம், வாக்கியம் தள்ளாடும் என்றேன்.

“சரி. தமிழ் உங்க டிபார்ட்மெண்ட்” என்று பென்சிலைக் கீழே வைத்தார்.

இதழாசிரியரும் தம் பங்கைச் செய்தார். வீட்டில் பெண்கள் படிக்கிற பத்திரிகை என்பதால், பெண்களுக்கு வரும் அந்த நோயின் பெயரைப் பெண்கள் கண்ணில் படாமல் மாற்றினார். ‘மார்புக் கட்டி’ எல்லா இடத்திலும் ‘நெஞ்சுக் கட்டி’ ஆயிற்று. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிதிக் குழுவில் காகிதம் படித்தவன் நான்.

ஆனால் நம் ஊரில் ‘நெஞ்சு’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். காசநோய்க்காரர்களுக்காக ஒரு ரயில் நிலையமே ‘சானடோரியம்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது. இதழ் வெளிவந்த வாரம், சானடோரியத்தில் இறங்க வேண்டியவர்கள் ஒரு ஸ்டேஷன் தள்ளித் தாம்பரத்தில் இறங்கினார்கள். கல்லூரி வாசலில் இருமல் சத்தம் கேட்டது. ஆளுக்கொரு காலிப் பாட்டில். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர், தமக்கு முப்பது வருடச் சளி என்று பெருமையாகச் சொல்லி, முன்னுரிமை கேட்டார். மிஸ் மூன்று நாள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் இது அந்த நெஞ்சு இல்லை என்று விளக்கி, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினார். பின் எந்த நெஞ்சு என்று கேட்டவர்களுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். அதோடு அவர்கள் தாமாகவே கலைந்து போனார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன், மாற்றியது இதழாசிரியர்தானே.

அந்தச் சிரிப்பு அடங்கிய கொஞ்ச நாளில் பாகற்காய் வருவது நின்றது. பூச்சி விழுந்துவிட்டது என்றார் முனியம்மா. அடுத்த வாரம் மழை என்றார். அதற்கடுத்த வாரம், பழுக்கிறதுக்குள் ஆள் வாங்கிவிடுகிறார்கள் என்றார். மிஸ் நம்பினார். மற்ற கடைகளில் அலைந்து கிடைத்ததை வாங்கினார். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பச்சைமிளகாய் வாங்கிக்கொண்டிருந்தேன். மிஸ் பக்கத்தில் நின்றார். தராசைத் தூக்கின முனியம்மாவின் இடது கை பாதியில் நின்றுவிட்டது. வலியை மறைக்க அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூடைக்குப் பின்னால், வழக்கமான அதே சாக்கு, பழுத்த பாகற்காயால் நிறைந்திருந்தது. மிஸ் அந்தச் சாக்கைப் பார்த்தார். பிறகு முனியம்மாவின் கையைப் பார்த்தார். சுற்றிப் போய்க் கூடைக்குப் பின்னால், ஈரத் தரையில், புடவையோடு உட்கார்ந்துகொண்டார்.

“எத்தனை நாளா, முனிம்மா?”

முனியம்மா சாக்குக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மிளகாய் மடிக்க வாங்கிய பழைய தாள்களோடு வந்து சேர்ந்த, எங்கள் கட்டுரை. மகள் படித்துக் காட்டினாளாம். ஊரில் அத்தனை பேரும் தப்பாகப் புரிந்துகொண்ட ‘நெஞ்சு’ என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே வாசகர் அவர். அந்த இடத்தை அவர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பாகல் விதையை அரைத்துக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து, தினம் காலையில் ஒரு கரண்டி குடித்திருக்கிறார். பாதி நாள் வாந்தி. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்திருக்கிறார்.

“அது மருந்து இல்ல முனிம்மா. நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும்.”

“இன்னா மிஸ் நீ. தடுக்குதுன்னு பேப்பர்ல போட்டுக்கீது. உன் பேரும் போட்டுக்கீது. நீ சொல்றது நெசமா, பேப்பர் சொல்றது நெசமா?”

மிளகாய்ப் பையைப் பிடித்துக்கொண்டு நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். மிஸ் என் பக்கம் திரும்பியிருக்கலாம். ஒரு விரலை நீட்டியிருக்கலாம். அவர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

“நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்றார்.

முனியம்மா நம்பவில்லை. நோயைவிட ஆஸ்பத்திரிமேல் அவருக்குப் பயம் அதிகம். மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது. ஒரு பக்கம் மெத்தென்று ஆகியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

“இதை நெழல்ல வெச்சா என்ன ஆகும்?”

“ரெண்டு நாள் கூடத் தாங்கும்.”

“அழுகல் நின்னுடுமா?”

“அது எங்க நிக்கும்? மெதுவாப் போவும்.”

“அதான் நான் கண்டுபிடிச்சது. அதுவும் உன் உடம்புல இல்ல, பாட்டில்ல. மெதுவாப் போற மாதிரி தெரியுது. அவ்ளோதான் எனக்குத் தெரியும், முனிம்மா.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். “ரெண்டு நாள் கழிச்சு இதை என்ன பண்ணுவ?”

முனியம்மா பூசணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அழுகினத அறுத்துப் போட்டுட்டு மீதிய விப்பேன்” என்றார். தாம் சொன்னது தமக்கே கேட்டதும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

நான் அடித்துப் போட்ட சொல்லை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் தாமாகவே சொன்னார். மெதுவாகப் போகும். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வாக்கியமும் தள்ளாடவில்லை.

மறுநாளே மிஸ் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். பிளாஸ்க் இல்லாமல் அவர் அந்த ரயிலில் ஏறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் நானும் போனேன். டாக்டர் எங்களிடம், “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். எத்தனையோ மாணவர்களுக்கு வினைச்சொல் நடத்தியிருக்கிறேன். ‘இருக்கலாம்’ என்பதற்கு இப்படி ஒரு பொருள் உண்டு என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

மிஸ் ஏதோ சீட்டு வாங்கப் போன நேரத்தில், முனியம்மாவின் கட்டிலருகே நின்று, அந்த வார்த்தையை எழுதியது மிஸ் இல்லை, நான் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தெரியும் சார்” என்றார். “அன்னிக்கு நீ மொளகாப் பைய புடிச்சிகினு நின்ன நெலயப் பாத்தே தெரிஞ்சிகினேன். மிஸ்ஸுக்குப் பொய் சொல்ல வராது சார். மூஞ்சி செவந்துடும்.” மிஸ் போன பக்கம் பார்த்து, “சொல்லாத. எனக்குத் தெரியும்னு அதுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும்” என்றார்.

நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

திருத்தம் வெளியிடச் சொல்லி மிஸ் இதழாசிரியருக்கு நான்கு கடிதம் எழுதினார். மறுப்புப் போட்டால் வாசகர்கள் குழம்புவார்கள் என்றார் ஆசிரியர். பிறகு ஒரு வாரம், கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே ஒரு வரி வந்தது. ‘முந்தைய இதழொன்றில் “தடுக்கிறது” என்பதை “மெதுவாக்கக்கூடும்” என்று திருத்தி வாசிக்கவும்.’ எது எதைத் தடுக்கிறது என்று அதில் இல்லை. முடி உதிர்வதை என்று பலர் நினைத்திருக்கலாம்.

அதற்குப் பின் முனியம்மா இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக உயிரோடு இருந்தார். வலது கையால் தராசு பிடித்தார். வெள்ளிக்கிழமை தோறும் சாக்கு மறுபடி வந்தது. “இந்தா மிஸ், எலிக்குக் குடு. எனக்கு வாணாம்” என்பார். நோய் திரும்பி வந்து அவர் போனபோது, மிஸ் பெருங்களத்தூருக்குப் போய், அந்த வீட்டு வாசலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். மூன்று மாதம் முன்னால் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அவரிடம் ஒருமுறை கேட்டேன். தெரியாது என்றார். ஆறுதலுக்காகக்கூட அவர் ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னதில்லை. என்னைத் தண்டிப்பதற்காகவும் கூட்டவில்லை.

ஆராய்ச்சியை அவர் விடவில்லை. பட்டணத்துத் தோழியோடு சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியூர் ஆய்விதழில் வந்தது. முடிவுரையின் கடைசி வாக்கியம் முழுக்க முழுக்கத் தயக்கம். அதை அவர் என்னிடம் திருத்தத் தரவில்லை, காட்டினார். நன்றாக இருக்கிறது என்றேன். “உங்க வாயால இதைக் கேக்க எத்தனை வருஷம் ஆச்சு, வித்வான்” என்றார்.

அன்றுதான் அந்தப் பழைய கையெழுத்துப் பிரதியையும் என்னிடம் கொடுத்தார். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். என் சிவப்பு மைக்கோடு அப்படியே இருந்தது. அடிபட்ட நான்கு சொல்லுக்கும் கீழே, பென்சிலால், வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். எப்போது வைத்தார் என்று தெரியவில்லை. அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாணவர்களின் கட்டுரையில் ஒரு ‘கூடும்’ வந்தால், அடிப்பதற்கு முன்னால் அதைத் திறந்து பார்க்கிறேன். “எந்த வார்த்தையையும் யாரோ ஒருத்தி கரண்டியில ஊத்திக் குடிப்பா, அதை மறக்காதீங்க” என்று அவர் ஒருமுறை சொன்னார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவும்தான். நான் அடித்த சொற்களை அவர் எனக்குத் திருப்பித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். சபைக் குருவானவர், நாம் அவரை மீண்டும் சந்திப்போம் என்றார். மிஸ்ஸுக்கு அதில் சந்தேகம் இருந்ததில்லை. “செல்லுக்குத்தான் ‘கூடும்’ எல்லாம். கர்த்தருக்குக் கிடையாது” என்பார். எனக்கு அந்த விசுவாசம் வாய்க்கவில்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் குருவானவர் அதைச் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்தவர் வாக்கியத்தில் நான் எதையும் அடிக்க விரும்பவில்லை. மூன்று சொற்களைச் சேர்க்க மட்டும் விரும்பினேன். உங்களுடைய சொற்களையே எடுத்துக்கொள்கிறேன், மிஸ்.

மீண்டும் சந்திக்கக்கூடும் போலத் தெரிகிறது.